அரியலாட்டி என்றால் யார்? மதுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?

முத்தியால்பேட்டை வாசன்:
எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஓர் ஓட்டலில் அலுவலகப் பக்கம் வேலை பார்க்கிறேன். ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர்ப்பட்டையில் பதவியைத் தமிழிலும் போட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வரவேற்பாளர், சமையலர், காவலர் எல்லாம் சுலபமாக முடிந்தது. மதுக்கூடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே பெண்களும் வேலை பார்க்கிறார்கள். 'மதுப் பணிப்பெண்' என்று எழுதிக் காட்டினேன், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள். எங்கள் ஓட்டலுக்கு அடிக்கடி வரும் பெரியவர் ஒருவர், "சங்க இலக்கியத்திலேயே சொல் இருக்கிறது தம்பி, அரியலாட்டி என்று போடு" என்றார். அகராதியைப் புரட்டினால் 'கள் விற்பவள்' என்று ஒரே வரி. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? எந்தப் பாட்டில் இருக்கிறது? இன்றைக்கு ஒரு பெண்ணின் நெஞ்சுப் பக்கம் குத்துவதற்கு ஏற்ற சொல்தானா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சுண்ணாம்பாறு:
அருமையான சொல் நண்பரே. அரிவை என்றால் பெண். அரிவையாட்டி என்பதுதான் அரியலாட்டி ஆகியிருக்க வேண்டும். இன்னொன்றும் பாருங்கள். நம்ம அரியாங்குப்பம், அரிக்கமேடு இரண்டிலும் 'அரி' இருக்கிறது. யவனர்கள், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்கள், மதுச்சாடி கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் அரிக்கமேடு. அரியல் விற்ற மேடு, அதனால் அரிக்கமேடு. சொல் நம்ம மண்ணிலேயே பிறந்திருக்கிறது. தாராளமாகப் போடுங்கள்.

கெடிலக்கரை:
தம்பி வாசன், நல்ல கேள்வி. கடலூரில் பல காலம் தமிழாசிரியையாக இருந்தவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிரித்துப் பார்ப்போம். அரியல் + ஆட்டி. அரிவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'அரி' என்ற வினையோடு 'அல்' சேர்ந்து அரியல். அவி என்பதிலிருந்து அவியல், பொரி என்பதிலிருந்து பொரியல் வருவதைப் போலத்தான். அவித்தது அவியல், பொரித்தது பொரியல், அரித்தது அரியல். அரித்தல் என்றால் வடிகட்டுதல், சலித்தெடுத்தல். அரிசியில் கல் போக நீர்விட்டு ஆட்டி எடுப்பதற்கு என் அம்மா 'அரிசி அரிக்கிறது' என்றுதான் சொல்வார்கள். அதற்கென்றே உள்பக்கம் வரிவரியாக இருக்கும் சட்டி ஒன்று உண்டு, அரிக்கஞ்சட்டி. அதே வினைதான் இது. வடிகட்டிய கள்ளுக்கு அரியல் என்று பெயர்.

'ஆட்டி' என்பது ஆள் என்பதோடு பெண்பால் விகுதி 'தி' சேர்ந்தது. ஆள் + தி, புணர்ந்தால் ஆட்டி. பெண்டாட்டி, மூதாட்டி, சீமாட்டி, பெருமாட்டி, மணவாட்டி எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். ஆணுக்கு ஆளன். மணவாளன், மணவாட்டி என்ற இணையைப் பார்த்தாலே விளங்கும்.

இப்போது பாட்டு. அகநானூறு 245ஆம் பாட்டில் வருகிறது: "அரியலாட்டியர் அல்குமனை வரைப்பில் மகிழ்நொடை பெறாஅராகி". வழிப்பறி செய்து பிழைக்கும் வில்லாளிகளின் தலைவர்கள் பொழுது சாய்ந்ததும் அரியலாட்டியரின் வீட்டுக்கு வருகிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. நொடை என்றால் விலை. மகிழ் என்பது இங்கே கள். கள்ளுக்குக் கொடுக்க விலைப்பொருள் இல்லை. என்ன செய்கிறார்கள்? முற்றத்தில் ஓடியாடும் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்து, காட்டு யானையின் வெள்ளைத் தந்தத்தைக் கொண்டுவந்து தருகிறோம் என்று ஆசை காட்டுகிறார்கள். ஊரையே நடுங்க வைக்கிற ஆட்கள், ஒரு மிடறு கள்ளுக்காகக் கடைக்காரியின் வீட்டு வாசலில் நின்று குழந்தையைக் கொஞ்சுகிறார்கள். அந்த வாசலில் யார் பெரியவர் என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது.

அதனால் தம்பி, இந்தச் சொல்லுக்கு 'மது பரிமாறுபவள்' என்ற பொருள் அவ்வளவு பொருந்தாது. அவள் கடை நடத்துகிறவள். வீடு அவளுடையது, சரக்கு அவளுடையது, கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவும் அவளுடையது.

சுண்ணாம்பாறு:
அம்மா, அரிவை விஷயம் சரி. அரிக்கமேடு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

கெடிலக்கரை:
ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்று ஆகாது தம்பி. அரிக்கமேட்டை அருகன் மேடு என்பதோடு இணைத்துச் சொல்வதுதான் பலகாலமாக இருக்கும் விளக்கம். அங்கே இருந்த பழைய சிலை ஒன்றை வைத்து அந்தப் பெயர் என்பார்கள். அரியலோடு இணைக்கக் கல்வெட்டும் இல்லை, பாட்டும் இல்லை. 'அரி'க்கு மட்டும் தமிழில் எத்தனை பொருள்! வெட்டுதல், வடிகட்டுதல், கண்ணில் ஓடும் செவ்வரி, சிலம்பின் உள்ளே போடும் பரல், சிங்கம், திருமால். எதை வேண்டுமானாலும் எதோடு வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். ஒட்டுவது சுலபம் என்பதாலேயே கவனமாக இருக்க வேண்டும்.

பாகூர் ஏரிக்கரை:
ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் தாத்தா பனையேறியவர். அரியல் என்ற சொல் எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அரிக்கிற வேலை எனக்கு நன்றாகத் தெரியும்.

மரத்திலிருந்து இறக்கும் கலயத்தில் கள் மட்டும் இருக்காது. தேனீ விழுந்து கிடக்கும், எறும்பு மிதக்கும், பாளையைச் சீவிய தூள், பூ உதிர்வு எல்லாம் இருக்கும். அப்படியே யாரும் குடிக்க முடியாது. பனையிலும் தென்னையிலும் மட்டையின் அடியில் சல்லடைத் துணி போல ஒன்று சுற்றியிருக்குமே, அதுதான் பன்னாடை. காய்ந்ததை எடுத்து, தட்டி உதறி, கழுவி, பானை வாயில் போட்டு அதன்மேல் கள்ளை ஊற்றுவார்கள். கள் கீழே இறங்கிவிடும், கசடு மேலே தங்கிவிடும். யாரையாவது 'பன்னாடை' என்று திட்டுகிறோமே, இதனால்தான். நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்கிறவன்.

எங்கள் வீட்டில் ஏறுவது ஆண் வேலை. இறக்கியதற்கு அப்புறம் அரிப்பது, பானையில் அடைப்பது, அளந்து கொடுப்பது, கணக்கு வைப்பது எல்லாம் பாட்டிதான். தாத்தா கடன் சொல்லிவிட்டு வருவார், பாட்டி வசூல் பண்ணுவாள். அதனால் அரியலாட்டி என்று நீங்கள் சொன்னதும் எனக்கு அந்த முகம்தான் வந்தது. அரியல் என்றால் பனங்கள்தான், சந்தேகமே இல்லை.

கெடிலக்கரை:
பாகூர் தம்பி, பன்னாடையைச் சொல்லி மனதைக் குளிர வைத்துவிட்டீர்கள். நன்னூலில் மாணாக்கர் வகை சொல்லும் சூத்திரத்தில் கடை மாணாக்கருக்கு உவமையாக 'நெய்யரி' வருகிறது. நெய்யரி என்றால் பன்னாடை. நெய்யை விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்வது. அங்கேயும் அதே 'அரி'. நீங்கள் வீட்டில் கேட்ட வசவும் நன்னூல் எழுதிய பவணந்தியார் சொன்ன உவமையும் ஒன்றே.

மரக்காணம் உப்பளம்:
நல்ல இழை. பாகூர் அண்ணன் சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு. அரியல் என்றால் பனங்கள் என்று முடித்துவிட முடியாது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் பாணர்களுக்குக் கிடைக்கும் அரியல் அரிசியில் செய்தது. செய்முறையே பாட்டில் இருக்கிறது:

"அவையா அரிசி அங்களித் துழவை
மலர்வாய்ப் பிழாவில் புலர ஆற்றி"

அவையா அரிசி என்றால் நன்றாகக் குற்றித் தீட்டாத அரிசி. அதைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, பிழா என்ற வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவைக்கிறார்கள். அப்புறம் பார்ப்பதற்குக் கரையான் புற்றின் உள்ளே இருக்கும் கூட்டைப் போல இருக்கும் 'நல்லடை'யைக் கலக்கிறார்கள். இதுதான் புளிக்க வைக்கும் பொருள். இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் வைத்து விளைய விடுகிறார்கள். கடைசியில் "வெந்நீர் அரியல் விரல் அலை நறும்பிழி". விரலால் அலைத்துப் பிழிந்து எடுத்த அரியல், அதோடு சுட்ட மீன். படிக்கும்போதே அந்தச் சாடிக்குள் கை போகிறது. இதில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. முழுக்க முழுக்க அரிசி.

பாகூர் ஏரிக்கரை:
அப்படியானால் பாளையைப் பற்றி எந்தப் பாட்டிலும் இல்லையா? பனை இல்லாமல் இந்தக் கரையில் கள் ஏது?

மரக்காணம் உப்பளம்:
இருக்கிறது அண்ணே. அகநானூறு 157 "அரியற் பெண்டிர்" என்றே தொடங்குகிறது. அதில் வருவது "பகுவாய்ப் பாளைக் குவிமுலை சுரந்த அரிநிறக் கலுழி". பிளந்த வாயுடைய பாளை, பால் சுரப்பது போலச் சுரந்தது. ஆக அந்தப் பாட்டின் பெண்கள் விற்பது மரத்துக் கள். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள். இரண்டிடத்திலும் அரியல் என்ற சொல் புழங்குகிறது. எதிலிருந்து வந்தது என்பதை வைத்து இந்தப் பெயர் பிறக்கவில்லை, என்ன செய்தார்கள் என்பதை வைத்துப் பிறந்திருக்கிறது. அரித்தால் அரியல்.

மற்ற பெயர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். தெளிந்தது தேறல். தேறுதல் என்றால் தெளிதல். பிழிந்து எடுத்தது பிழி. கலங்கி இருப்பது கலுழி. ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு கை வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை.

இன்னொன்று, இது எங்கள் ஊர்ப் பெருமை, சொல்லாமல் விடமாட்டேன். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு அரசன் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணர்கள் எயிற்பட்டினம் வழியாகப் போகிறார்கள். எயிற்பட்டினம் மரக்காணத்துப் பக்கம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே அவர்களுக்குக் கிடைப்பது "நுளைமகள் அரித்த பழம்படு தேறல்". நுளைமகள், அதாவது கடற்கரை மீனவரான நுளையர் வீட்டுப் பெண், அரித்த பழைய தேறல். 'அரித்த' என்ற வினையே அப்படியே நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் இந்தப் பாட்டு நடக்கும் இடத்துக்கு. சுண்ணாம்பாறு தேடிய சொல்லின் மண் இதுதான், அரிக்கமேட்டின் பெயரில் தேட வேண்டியதில்லை.

பாகூர் ஏரிக்கரை:
பாளையும் இருக்கிறது, அரிசியும் இருக்கிறது. சரி, ஏற்றுக்கொள்கிறேன். அரிசியைப் புளிக்க வைத்துக் குடிக்கிற பழக்கம் இந்தக் கரையில் எப்படி அடியோடு போனது என்பதுதான் எனக்கு இப்போது யோசனையாக இருக்கிறது.

நெல்லிக்குப்பம் அன்பு:
ஒரு கேள்வி. கள் விற்பதையும் குடிப்பதையும் இவ்வளவு பெருமையாகப் பேசுகிறீர்களே, கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே பாடினார் திருவள்ளுவர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. குடியால் அழிந்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அந்தச் சொல்லை இன்றைக்குத் தூசு தட்டி எடுத்து ஒரு பெண்ணுக்குச் சூட்ட வேண்டுமா?

கெடிலக்கரை:
அன்பு தம்பி, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. குடித்து அழிந்த மாணவர்களின் பெயரை நானும் அறிவேன். ஆனால் சொல்லின் வரலாற்றைச் சொல்வதும் குடியைப் புகழ்வதும் வேறு வேறு. குடிக்கிறவன் மேல் வர வேண்டிய பழி ஊற்றிக் கொடுப்பவள் மேல் போய் விழுவதுதான் வழக்கமாக இருக்கிறது. வாசன் எழுதிக் காட்டிய பெயரை அந்தப் பெண்கள் வேண்டாம் என்றதற்கும் அதுவே காரணமாக இருக்கும். பழம்பாட்டுகள் அப்படிச் செய்யவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியைப் பாருங்கள். அங்கே அவளுக்குப் பெயர் கள்விலையாட்டி. "கள்விலையாட்டி மறுப்பப் பொறா மறவன்". இனிமேல் கடன் கிடையாது என்று அவள் மறுத்துவிட்டாள். அதைத் தாங்க முடியாத மறவன் வில்லை எடுத்துக்கொண்டு பகைவரின் ஆநிரையைக் கவரக் கிளம்புகிறான். கவர்ந்துவந்த மாடுகள் யார் யார் முற்றத்தில் நிறைந்தன என்று அடுத்து ஒரு வரிசை வருகிறது. கொல்லன், துடி என்ற பறை கொட்டும் துடியன், பாணர், ஒற்றறிந்து சொன்ன கானவன், புள் நிமித்தம் சொன்ன கணி. இவர்களோடு கள்விலையாட்டியின் முற்றமும் நிறைகிறது. இளங்கோவடிகள் துறவி. கள்ளை அவர் கொண்டாடவில்லை. ஆனாலும் ஊரில் தொழில் செய்யும் மற்றவர்களோடு அவளை ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார். கொல்லனுக்கு ஒரு பங்கு, அவளுக்கும் ஒரு பங்கு. மாட்டைக் கவர்ந்ததன் நியாயம் வேறு பேச்சு.

மரக்காணம் உப்பளம்:
அம்மா, ஓர் ஐயம். 'ஆட்டி' வந்தாலே ஆளுகிறவள் என்று எடுத்துக்கொள்ளலாமா? வெள்ளாட்டி என்றால் பணிப்பெண், அடிமைப்பெண் என்றுதானே பொருள்? அங்கேயும் ஆட்டி இருக்கிறதே. அவள் எதை ஆண்டாள்?

கெடிலக்கரை:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். விகுதியை மட்டும் வைத்து மதிப்பைச் சொல்லிவிட முடியாது. வினையாட்டி என்றாலும் ஏவல் செய்கிறவள்தான். அதனால்தான் சொல்லை மட்டும் பார்க்காமல் அவள் பாட்டில் என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். அகநானூற்றில் தலைவர்களே அவள் வாசலில் காத்து நிற்கிறார்கள். சிலம்பில் அவள் 'மறுப்ப' என்று ஒரு வினை. மறுக்க முடிகிறவள் ஏவலாள் இல்லை. என் வாதம் அந்த 'மறுப்ப'வில்தான் நிற்கிறது, 'ஆட்டி'யில் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். அரசனுக்கு மது ஊற்றிக் கொடுக்கும் பெண்கள் சங்கப் பாட்டில் நிறைய வருகிறார்கள். நக்கீரர் பாடிய புறநானூறு 56: "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல் பொன்செய் புனைகலத்து ஏந்தி நாளும் ஒண்டொடி மகளிர் மடுப்ப". மதுரைக்காஞ்சியின் கடைசியில் "இலங்கிழை மகளிர் பொலங்கலத்து ஏந்திய மணங்கமழ் தேறல் மடுப்ப". ஔவையார் பாடிய புறநானூறு 367இல் "பாசிழை மகளிர் பொலங்கலத்து ஏந்திய நாரரி தேறல்". பொருநராற்றுப்படையில் "இன்னகை மகளிர்" பொற்கலம் நிறைய நிறைய ஊற்றித் தந்துகொண்டே இருக்கிறார்கள்.

இவர்களுக்கு என்ன பெயர்? ஒண்டொடி, இலங்கிழை, பாசிழை, இன்னகை. வளையல், நகை, சிரிப்பு. தொழிலைச் சொல்லும் பெயர் ஒருவருக்கும் கிடையாது. ஏந்துகிறார்கள், மடுக்கிறார்கள். மடுத்தல் என்றால் உண்ணச் செய்தல், ஊட்டுதல். அந்த வினைகள் இருக்கின்றன, வினைக்கு உரியவளின் பெயர் இல்லை. பொற்கிண்ணத்தோடு அரண்மனையில் நிற்பவளுக்குப் பெயர் இல்லை, மண்பானையோடு காட்டோரத்தில் இருப்பவளுக்குப் பெயர் இருக்கிறது. பல முறை படித்த பாட்டுகள்தாம், வாசன் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு திரும்பப் படித்தபோது இது என்னை விட்டுப் போகவே இல்லை.

சுண்ணாம்பாறு:
யவனர் தந்த தேறல் என்றால் அது நம்ம அரிக்கமேட்டில் இறங்கிய சரக்காகத்தானே இருக்கும்?

மரக்காணம் உப்பளம்:
அந்த வரி பாண்டியனைப் பாடியது. அவனுக்குக் கொற்கைப் பக்கமும் துறை உண்டு, ஆகவே அரிக்கமேட்டில் இறங்கியதுதான் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அரிக்கமேட்டில் யவனச் சாடிகள் கிடைத்தது உறுதி. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அதற்கு அப்புறம் பிரெஞ்சுக்காரர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு. ஆம்போரா என்கிற, இரண்டு பக்கமும் பிடி வைத்த நீளச் சாடிகளின் உடைசல்கள் நிறையக் கிடைத்தன. மத்தியதரைக் கடல் பக்கத்து மது அவற்றில்தான் வந்தது. எல்லாச் சாடியும் மதுச்சாடி இல்லை, ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் வந்த சாடிகளும் அங்கே உண்டு. காக்காயந்தோப்புப் பக்கம் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் இப்போது தோப்பும் பழைய செங்கல் சுவரும்தான் தெரியும்.

வேறு தேசத்துக்காரர்கள் இந்தப் பெண்ணை எப்படி அழைத்தார்கள் என்றும் தேடினேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் டாப்ஸ்டர் என்று பழைய சொல் ஒன்று. பீப்பாயிலிருந்து மது பிடித்துக் கொடுப்பவர். அந்த 'ஸ்டர்' என்பது பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி, நம்ம ஆட்டி மாதிரி. ப்ரூஸ்டர் என்றால் மது காய்ச்சுகிற பெண், ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்கிற பெண். போகப் போக ஆண்களுக்கும் டாப்ஸ்டர் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், விகுதி பெண்பால் என்பதே மறந்துபோனது. அப்புறம் வந்ததுதான் பார்மெய்ட். மெய்ட் என்றால் கன்னிப்பெண், வேலைக்காரப் பெண். தொழில் பெயர் போய் வயதும் ஏவலும் வந்து உட்கார்ந்துவிட்டன. 'மதுப் பணிப்பெண்' என்பது இந்தப் பார்மெய்டை அப்படியே தமிழாக்கியது போல இருக்கிறது.

பாபிலோனில் இன்னும் பழையது. அம்முராபி அரசனின் சட்டத்தில் 108ஆவது, மதுக்கடை நடத்தும் பெண்ணைப் பற்றியது. மதுவுக்கு விலையாகத் தானியத்தை வாங்க மறுத்து வெள்ளியை வாங்கி, அளவிலும் ஏமாற்றினால் அவளைத் தண்ணீரில் எறிய வேண்டும் என்கிறது. கொடுமையான தண்டனைதான். ஆனால் கடை அவளுடையது என்பதும், தானியம் கொடுத்து மது வாங்கினார்கள் என்பதும் அதிலிருந்து தெரிகிறது. அகநானூறு 61இல் "நறவுநொடை நெல்லின்" என்று வருகிறதே, அங்கேயும் கள்ளுக்கு விலை நெல்.

தவளக்குப்பம் தமிழினி:
இவ்வளவு நாளும் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்த இழைக்காகவே கணக்கு தொடங்கினேன். நான் மதுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வாசன் சாரின் ஓட்டல் இல்லை, வேறு ஓட்டல்.

வேலை என்ன என்று முதலில் சொல்கிறேன். மதியம் போனதும் எலுமிச்சை நறுக்குவது, புதினா ஆய்ந்து வைப்பது, ஐஸ் வந்துவிட்டதா என்று பார்ப்பது, முந்தின நாள் இருப்பையும் பாட்டில் அளவையும் சரிபார்த்து எழுதுவது. கண்ணாடிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துடைப்போம், விரல் ரேகை தெரியக்கூடாது. சாயங்காலத்துக்கு மேல்தான் ஆட்கள் வருவார்கள். கலந்து கொடுப்பதற்கு அளவு கிண்ணம் உண்டு, 30 மில்லி, 60 மில்லி. கலந்ததை இரும்பு வடிகட்டி வைத்துத்தான் ஊற்றுவோம். மேலே அரித்தல் பற்றிப் படித்தபோது சிலிர்த்துவிட்டது. தினமும் ராத்திரி நான் செய்வது அதுதான். இத்தனை பழைய வேலையா இது என்று நினைத்தேன்.

எங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால், குடும்பத்தோடு வருகிறவர்கள் மேடம் என்பார்கள். ஊர்க்காரர்கள் பலர் சிஸ்டர் அல்லது தங்கச்சி என்பார்கள். அதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒன்றுமே சொல்லாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. அளவுக்கு மேல் போனவருக்கு இனி இல்லை என்று சொல்லும் பொறுப்பு எங்களுக்குத்தான். சொன்னால் சிலர் மேலாளரைக் கூப்பிடு என்பார்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மேலாளர் வந்து, கேட்டதைக் கொடுத்துவிடு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த இடத்தை விட்டு வந்ததற்கு அதுதான் காரணம். இப்போது இருக்கும் இடத்தில் நான் இல்லை என்றால் இல்லைதான்.

'மறுப்ப' என்று அம்மா எழுதியதைப் படித்துவிட்டு அந்த வரியைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொண்டேன்.

பெண் என்பது பெயரில் வர வேண்டியதில்லை என்பது என் கருத்து. என் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் பையனுக்கு 'மதுப் பணி ஆண்' என்றா போடுவார்கள்?

பாகூர் ஏரிக்கரை:
தங்கச்சி, நன்றாகச் சொன்னாய். எங்கள் பாட்டி இருந்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பாள்.

நெல்லிக்குப்பம் அன்பு:
குடி பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் அளவுக்கு மேல் போனவனைத் தடுத்து நிறுத்துகிறவர் ஒருவர் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறார் என்பதை நான் யோசித்துப் பார்த்ததில்லை தங்கையே. அவருக்கு மரியாதையான பெயர் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

மரக்காணம் உப்பளம்:
சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், வாசனுக்கு உதவும். மது பரிமாறும் இடத்தில் பெண்கள் வேலை பார்க்கக்கூடாது, 25 வயதுக்குட்பட்ட ஆண்களும் கூடாது என்று 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டத்தில் 30ஆவது பிரிவு இருந்தது. டெல்லியிலும் அதுதான் நடைமுறையில் இருந்தது. அனுஜ் கர்க் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் வேலையைப் பறிக்கக்கூடாது, பாதுகாப்பாக வேலை பார்க்கும் நிலையை உண்டாக்குவதுதான் அரசின் கடமை என்ற போக்கில் தீர்ப்பு இருக்கிறது. சங்க காலத்தில் கடை நடத்தியவளை 1914இல் உள்ளேயே வரக்கூடாது என்றார்கள்.

முத்தியால்பேட்டை வாசன்:
எல்லாருக்கும் நன்றி. இழையை அச்செடுத்துக்கொண்டு போய் மதுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களிடமே கொடுத்தேன். ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்து படித்தார்கள். அரியலாட்டி வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. சொல் பிடிக்காமல் இல்லை. கடை நம்முடையதாக இருந்தால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு பெண் சொன்னார். கெடிலக்கரை அம்மா சொன்னதையே அவரும் வேறு வழியில் சொன்ன மாதிரி இருந்தது.

பானம் கலந்து தருவதால் 'பானக் கலைஞர்' என்று ஒருவர் சொன்னார். 'மது வார்ப்பாளர்' என்று ஒருவர். கடைசியில் 'மதுக்கூடப் பொறுப்பாளர்' என்பதை எடுத்துக்கொண்டோம், ஆண் பெண் எல்லாருக்கும் அதே பெயர். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்பது அவர்கள் பொறுப்பு என்பதையும் முதலாளியிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறோம். பட்டை அச்சுக்குப் போய்விட்டது.

கெடிலக்கரை:
மிக்க மகிழ்ச்சி தம்பி. அச்சுக்காரரிடம் 'மதுக்கூடப்' என்பதில் ப் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாகூர் ஏரிக்கரை:
எங்கள் ஊர்ப் பக்கம் கள்ளுக்கடை இன்னும் ஏலத்தில் போகிறது. பெண் யாராவது ஏலம் எடுத்துக் கடை வைத்தால் அரியலாட்டி என்ற பலகையை நானே எழுதிக் கொடுக்கிறேன். மரக்காணத்துத் தம்பி, அரிசிக் கள்ளுக்குச் சேர்க்கும் அந்த நல்லடை எதில் செய்தது என்று உரையில் இருந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

மரக்காணம் உப்பளம்:
நெல் முளையை இடித்துச் சேர்த்ததாக உரையில் விளக்கம் இருக்கிறது அண்ணே. முளைப்பயிரில் இனிப்பு ஊறும், அதுதான் புளிப்பதற்கு வழி. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், வீட்டில் வயதானவர்கள் யாருக்காவது அரிசிக் கள் பற்றி நினைவிருந்தால் அங்கே வந்து எழுதுங்கள்.